கிராவல் பாதைக்குப் பாப்கேட்: எந்த அட்டாச்மென்ட் வாங்கலாம், எதை விடலாம்?

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. முன்னால் பக்கெட் மாதிரி அட்டாச்மென்ட்களை மாற்றி மாற்றி மாட்டி ஓட்டுகிற சின்ன வண்டி, ஸ்கிட் ஸ்டீர் லோடர், பழையது ஒன்று வாங்கப் போகிறார். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் நம் பக்கம் அதைப் ‘பாப்கேட்’ என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். மெயின் ரோட்டிலிருந்து தோப்பு வீடு வரை 300 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் கிராவல் பாதை. காரும் போகும், தேங்காய் லாரியும் போகும். ஒவ்வொரு மழைக்கும் பாதை குண்டும் குழியுமாகிறது. பல் வைத்த பக்கெட், பவர் ரேக், சுழல் துடைப்பம், ஆகர் என்று நான்கையும் சேர்த்து ஒரு விலை சொல்கிறார் விற்பவர். எதை எடுக்கலாம் என்பது கேள்வி.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நான்கில் உங்கள் பாதைக்கு உதவுவது ஒன்றுகூட இல்லை. ஆகர் மட்டும் வேலிக்கால் நடவும் தென்னங்கன்றுக்குக் குழி போடவும் ஆகும், மலிவாகக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பாதைக்கு வேண்டியது இரண்டுதான்: பல் இல்லாத தட்டை வாய் பக்கெட் ஒன்று, லேண்ட் பிளேன் ஒன்று.

லேண்ட் பிளேன் என்றதும் புதிதாக ஏதோ என்று நினைக்க வேண்டாம். நடவுக்கு முன் சேற்று வயலில் பரம்பு அடிக்கிறோமே, அதன் இரும்புத் தம்பிதான் இது. பெட்டி மாதிரி ஒரு சட்டம். இரண்டு ஓரத்திலும் தரையில் வழுக்கிப் போகிற அடிப்பட்டை. நடுவில் முன்னும் பின்னுமாக இரண்டு வெட்டுத் தகடுகள். சட்டத்தின் எடை முழுவதும் அடிப்பட்டையில் உட்கார்ந்துவிடுவதால் தகடு ஓர் அளவுக்கு மேல் மண்ணுக்குள் இறங்காது. மேட்டைச் சீவி, சீவிய மண்ணைப் பெட்டிக்குள்ளேயே உருட்டிக்கொண்டு போய், பள்ளம் வந்ததும் தானே கொட்டிவிடும். டிரைவர் கையில் பெரிய வித்தை தேவையில்லை. நல்ல ஆப்பரேட்டர் சம்பளத்துக்குக் கிடைக்காத ஊரில் இது பெரிய விஷயம். வெறும் பக்கெட்டை வைத்து லெவல் அடிக்க வேண்டுமானால் கை நடுங்காத ஆள் வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஓர் இடத்தில் தோண்டும், அடுத்த இடத்தில் தாண்டும்.

ஹைட்ராலிக் இணைப்பு எதுவும் இதற்குத் தேவையில்லை. ஹோஸ் கிடையாது, மோட்டார் கிடையாது, கெட்டுப் போக ஒன்றும் கிடையாது. உப்புக் காற்று அடிக்கிற ஊரில் இதைவிடப் பெரிய தகுதி ஓர் அட்டாச்மென்ட்டுக்கு வேண்டாம் என்பேன்.

ஆனால் எந்த இரும்பை வாங்கினாலும், தண்ணீர் வெளியே போக வழி இல்லாத பாதை அடுத்த கார்த்திகைக்குள் பழையபடி ஆகிவிடும். நம் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்வதே 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒன்பது மாதம் புழுதி, மூன்று மாதம் வெள்ளம் என்று வாழ்கிற பாதை உங்களுடையது. அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு பாதை நெடுக ஒருமுறை நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே பாதையையே வாய்க்காலாக்கி ஓடுகிறது என்று ஒரு கம்பை நட்டு அடையாளம் வையுங்கள். அட்டாச்மென்ட் பட்டியலைவிட அந்தக் கம்புகள் அதிகம் சொல்லும்.

பாதை ஆமை முதுகு மாதிரி இருக்க வேண்டும். கிராவல் பாதைக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு 4 சதவீதச் சரிவு என்பது பொதுவான கணக்கு. உங்கள் 3 மீட்டர் அகலத்தில் நடுவிலிருந்து ஓரம் ஒன்றரை மீட்டர். அப்படியானால் நடு, ஓரத்தைவிட 6 சென்டிமீட்டர் உயரம், ஏறக்குறைய நான்கு விரல் கனம். அளக்க மெஷின் எதுவும் வேண்டாம். கொத்தனார் நூலைப் பாதையின் நடுவில் தரையோடு தொட்டபடி, ரசமட்டம் வைத்துக் குறுக்கே இழுத்துப் பிடியுங்கள். ஓரத்தில் நூலுக்கும் தரைக்கும் இடையில் நான்கு விரல் நுழைந்தால் சரி. பல பாதைகளில் இது தலைகீழாக இருக்கும்: நடுவில் விரல் நுழையும், ஓரத்தில் நூல் தரையைத் தொடும். பிறகு குழி விழாமல் என்ன செய்யும்?

இந்தச் சரிவை லேண்ட் பிளேன் தானாக உண்டாக்காது, இருக்கிற சரிவைக் காப்பாற்றும், அவ்வளவுதான். முதல் முறை பக்கெட்டால் கிராவலை நடுவில் வரிசையாகக் கொட்டி இரண்டு பக்கமும் பரப்பி ஆமை முதுகை எழுப்பிவிட வேண்டும். பிறகு பாதையின் இடது பாதி தனி, வலது பாதி தனி என்று ஓட்டுங்கள். நடுமேட்டைக் குறுக்காகத் தாண்டி ஒருபோதும் ஓட்டாதீர்கள், ஒரே ஓட்டத்தில் முதுகைச் சீவிவிடும். 1.8 மீட்டர் அகல லேண்ட் பிளேன் வாங்கினால் உங்கள் பாதைக்குக் கச்சிதம். ஒரு விளிம்பு நடுமேட்டில் இருக்கும்போது மறு விளிம்பு பாதையைத் தாண்டி ஓர் அடி வெளியே நிற்கும். அந்த ஓரடியில்தான் வண்டிச் சக்கரம் தெறித்த கல்லும் அருகம்புல்லும் சேர்ந்து சின்ன வரப்பாகி, தண்ணீரை வெளியே விடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். அந்த வரப்பை உடைத்தாலே பாதி நோய் தீர்ந்துவிடும். அட்டாச்மென்ட் எதுவானாலும் வண்டியின் வெளிச்சக்கர அகலத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால், சீவிய இடத்துக்குப் பக்கத்திலேயே உங்கள் டயர் தடம் போட்டுக்கொண்டு வரும்.

கடைசி ஓட்டத்தைப் பின்பக்கமாக ஓட்டி முடியுங்கள். முன்னால் போனால் சீவிய தரைமேல் நான்கு டயரும் ஏறும். பின்னால் வந்தால் டயர் தடத்தை லேண்ட் பிளேன் அழித்துக்கொண்டே வரும். வேகம் நடக்கிற வேகம்தான். அவசரப்பட்டால் சட்டம் குதிக்கும், குதித்தால் வரி விழும்.

வரி என்றதும் நினைவுக்கு வருகிறது. சேதுக்கரைக் கடல் மணலில் காற்று வரைந்த மாதிரி, பாதையில் குறுக்கு வரிகள் விழுந்து கார் தடதடவென்று உதறுமே, அதை மேலாகச் சீவி நிரப்பினால் இரண்டு வாரத்தில் அதே இடத்தில் எழுந்துவிடும். வரியின் அடிப்பள்ளம் வரை வெட்டி, மொத்தத்தையும் கலந்து, திரும்பப் பரப்பி இறுக்க வேண்டும். குழிக்கும் அதே கதைதான். அடி வரை வெட்டிக் கலக்காமல் மேலே கல்லைக் கொட்டினால், முதல் லாரி அதை வெளியே துப்பிவிடும்.

பல் பக்கெட்டை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், வாலிநோக்கம் பக்கம் உப்பு லாரி போகிற மண்பாதை ஒன்றைச் சரி செய்ய ஒப்புக்கொண்டேன். கையில் இருந்தது பல் பக்கெட் மட்டும். குழிகளைக் கிளறி நிரப்பினேன். மேலே நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு பல்லும் கிராவலைத் தாண்டி அடியில் இருந்த உப்பளக் களியைக் கீறி மேலே கொண்டுவந்திருந்தது. போதாக்குறைக்கு, கேட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் வண்டியை நின்ற இடத்திலேயே சுழற்றித் திருப்பினேன். முதல் மழைக்கு அந்த இடத்தில் லாரி அச்சு வரை இறங்கியது. போய்ப் பார்த்தேன், நான் வட்டம் போட்ட இடம் அப்படியே ஒரு சட்டி மாதிரி தண்ணீர் தேங்கி நின்றது. என் டயர் போட்ட வட்டமும் அந்தச் சட்டியின் வாயும் அளந்து வைத்த மாதிரி பொருந்தின. கூலி கேட்க வாய் வரவில்லை.

அதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, பல் என்பது தோண்டத்தான், பரப்ப அல்ல. தட்டை வாய் பக்கெட்டில், தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போடுகிற மாதிரி போல்ட் வைத்த கட்டிங் எட்ஜ், அதாவது வாயோரத்து வெட்டுத் தகடு, இருக்கிறதா பாருங்கள். வெல்டிங் வைத்ததாக இருந்தால் தேய்ந்தபின் பக்கெட்டையே அறுக்க வேண்டி வரும். இரண்டு, இந்த வண்டிக்கு ஸ்டியரிங் திருப்புகிற சக்கரம் கிடையாது. ஒரு பக்கச் சக்கரத்தை வேகமாகவும் மறுபக்கத்தை மெதுவாகவும் ஓட்டி, டயரைத் தரையில் இழுத்துத்தான் திரும்புகிறது. கிராவலுக்கு அதைவிடக் கெடுதல் எதுவும் இல்லை. பாதைமேல் திரும்பாதீர்கள். தோப்புக்குள் ஒரு கட்டாந்தரை இடம் ஒதுக்கி, முன்னும் பின்னுமாக மூன்று தடவையில் அகலமாகத் திருப்புங்கள்.

பக்கெட் அளவிலும் ஆசைப்பட வேண்டாம். சின்ன பாப்கேட்களின் இயக்கத் தூக்குதிறன் பெரும்பாலும் 600 கிலோவை ஒட்டி இருக்கும். வண்டி முன்பக்கம் கவிழ்கிற எடையில் பாதியைத்தான் டயர் வண்டிக்குத் தூக்குதிறன் என்று போடுகிறார்கள். ஒரு கன அடி ஜல்லி ஏறக்குறைய 45 கிலோ. 14 கன அடி பக்கெட்டை நிறைத்தால் 630 கிலோ. அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஈர மண்ணில் திரும்பிப் பாருங்கள், பின் சக்கரம் எழும்புவது முதுகெலும்பில் தெரியும். சுமையோடு போகும்போது பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம்.

பவர் ரேக்கைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அது மோசமான கருவி அல்ல. இரும்பு முள் பதித்த உருளை சுழன்று மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும், கல்லையும் வேரையும் தனியே ஒதுக்கும். புல்வெளி போடுகிறவருக்கு அது தங்கம். புல் அடர்ந்து மூடிய பழைய பாதையை மீட்கவும் நல்லது. ஆனால் உங்கள் பாதைக்குப் பொலபொலப்பு வேண்டாம், பிடிப்புதான் வேண்டும். கல்லையும் பொடியையும் அது பிரித்துவிட்டால், பொடி கச்சான் காற்றில் தென்கடலிலிருந்து வடகடலுக்குப் பறந்துவிடும், கல் மட்டும் உருண்டுகொண்டு கிடக்கும். தவிர, அதற்கு ஹைட்ராலிக் எண்ணெய் ஓட்டம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேண்டும், உங்கள் வண்டி எத்தனை தருகிறது என்று பார்க்க வேண்டும். சில மாடல்களுக்கு மூன்றாவதாக ஒரு திரும்பு ஹோஸும் தேவை. அது இல்லாமல் ஓட்டினால் மோட்டார் சீல் போய்விடும். சுழல் துடைப்பம் சிமென்ட் களத்துக்கானது, கிராவலில் விட்டால் பொடியை வாரி எறியும். ஆடியில் பாதைமேல் ஏறுகிற மணலை எடுக்கத் தட்டை பக்கெட்டே போதும்.

சித்திரை வெயிலில் கிராவல் சிமென்ட் மாதிரி இறுகிவிடும், லேண்ட் பிளேன் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். அதற்குத்தான் சில லேண்ட் பிளேன்களில் முன்பக்கம் நான்கைந்து கீறு பற்கள் வைக்கிறார்கள், வேண்டும்போது இறக்கி, வேண்டாதபோது ஏற்றிக்கொள்ளலாம். இந்தப் பல்லும் பல்தான், இறக்கத்தை அளந்து வைத்தால் அடிமண்ணுக்குப் போகாது. வாங்கினால் அப்படிப்பட்டதாகப் பாருங்கள். இல்லையென்றால் முதல் நாள் சாயந்தரம் ஒரு டிராக்டர் டேங்கர் தண்ணீர் அடித்துவிட்டுக் காலையில் இறங்குங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, ஐப்பசியின் முதல் மழை பெய்து, இரண்டு நாள் வெயில் காய்ந்ததும் செய்வது. ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் படக் கூடாது. அந்தப் பதம்.

பரப்பிய பிறகு இறுக்கம். பாப்கேட் டயரே மிதித்துவிடும் என்பது பாதி உண்மை, தடம் விழுந்த இடம் மட்டும் இறுகும். அதிர்வு ரோலரும் அட்டாச்மென்ட்டாகக் கிடைக்கிறது, ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் வேலைக்காக அதை வாங்கித் துருப்பிடிக்க விட வேண்டாம். ஒரு நாள் வாடகைக்கு ரோலர் பிடித்தால் போதும்.

கிராவல் கணக்கும் கேட்பீர்கள். 300 மீட்டர், 3 மீட்டர், 10 சென்டிமீட்டர் கனம் என்றால் 90 கனமீட்டர், அதாவது 32 யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே (யூனிட் என்பது 100 கன அடி). இறுகினால் ஐந்தில் ஒரு பங்கு வரை அமுங்கும் என்பதால் 40 யூனிட் சொல்லி வையுங்கள். இது பாதையைப் புதிதாகப் போடுவதற்கு. ஏற்கெனவே அடித்தளம் இருந்தால், இரண்டரை சென்டிமீட்டர் மேல்பூச்சுக்கு 8 யூனிட்டே போதும். உருண்டைக் கல் வேண்டாம், அது ஒன்றோடொன்று பிடிக்காது. உடைத்த கூர்மூலை ஜல்லியும் கிரஷர் பொடியும், பிடிப்புக்குக் கொஞ்சம் செம்மண்ணும் கலந்தது வேண்டும். வெறும் செம்மண் அதிகமானால் மழையில் வழுக்கும், வெறும் ஜல்லியானால் உருளும். உங்கள் பகுதியின் மணல் தரையில் நேரடியாகக் கொட்டினால் பாதிக் கல் மணலுக்குள் புதைந்துவிடும். புதிதாகப் போடுகிற இடத்தில் அடியில் ஜியோ துணி, அதாவது கல் மணலுக்குள் இறங்காமல் தடுக்கிற விரிப்பு, விரித்துவிடுங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளக் கல்லை அள்ளிப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் காளவாய்க்கு அள்ளினார்கள் என்பது உண்மை. இன்று பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. பாதைக்கு ஆசைப்பட்டு வழக்கில் மாட்ட வேண்டாம். கடற்கரை மணலை அள்ளுவதும் அப்படித்தான்.

டயரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம்மூர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. சீமைக்கருவேல முள் பாப்கேட் டயருக்கு எமன். வெட்டிப் போட்ட கொப்பு காய்ந்தபின் முள் ஆணி மாதிரி நிற்கும். நீங்கள் தோப்பு ஓரத்துக் கருவேலத்தையும் இதே வண்டியால் அகற்றப் போவதாக இருந்தால் காற்று டயர் வேண்டாம். கெட்டி ரப்பர் டயரோ, உள்ளே ஃபோம் நிரப்பியதோ போடுங்கள். உடம்பு குலுங்கும், ஆனால் வேலை நிற்காது. கருவேலத்தைப் பிடுங்கப் பக்கெட்டால் முட்டி மோத வேண்டாம், வேரோடு கவ்வுகிற கிராப்பிளை நான்கு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

லேண்ட் பிளேனைப் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டுமா என்றால், இல்லை. பட்டறையில் செய்துகொள்ளலாம், நானே செய்துதான் ஓட்டுகிறேன். ரோட்டை லெவல் அடிக்கிற கிரேடர் வண்டியின் தேய்ந்த தகடு பழைய இரும்புக் கடையில் கிடைக்கும், அடிப்பட்டைக்குக் கனமான தகடு. 1.8 மீட்டருக்கு மொத்த எடை 250 முதல் 350 கிலோவுக்குள் வந்தால் நல்லது. இலேசாகச் செய்தால் துள்ளும். இரண்டு தகட்டையும் நேர்க்குறுக்காக வைக்காமல் சற்றுச் சாய்வாக வைக்கச் சொல்லுங்கள், மண் உருண்டு நகரும். வண்டியில் மாட்டுகிற தகட்டை மட்டும் பட்டறைக்காரரின் கண் அளவுக்கு விட்டுவிடாதீர்கள். வண்டியையே பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய், மாட்டிப் பார்த்து, அப்புறம் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள்.

வண்டிக்குப் பணம் கொடுக்கும் முன்பும் இதே சோதனைதான். எல்லா வண்டிக்கும் ஒரே மாட்டுத்தகடு பொருந்தும் என்று சொல்வார்கள், புதிய வண்டிகளில் பெரும்பாலும் பொருந்தும். பழைய வண்டியில் பூட்டு முளை தேய்ந்து, அட்டாச்மென்ட் லொடலொடவென்று ஆடும். பக்கெட்டை மாட்டி, ஓர் அடி தூக்கி, வாயைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கெட்டிலேயே ஒரு விரல் கனத்துக்கு ஆட்டம் இருந்தால் லேண்ட் பிளேனில் நேர்க்கோடு வராது. சிலிண்டர் தண்டில் உப்புப் பொத்தல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள், நகம் சிக்கினால் சீல் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். நான்கு அட்டாச்மென்ட்டும் வேண்டாம், பல் பக்கெட்டுக்குப் பதில் தட்டை வாய் பக்கெட் தாருங்கள் என்று கேளுங்கள். தர மறுத்தால், பல் பக்கெட்டின் வாயில் போல்ட் போட ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பல்லைக் கழற்றிவிட்டு ஒரு கட்டிங் எட்ஜ் பூட்டி அதையே தட்டை வாயாக்கிவிடலாம்.